கிருமிக்கு அனுமதிச் சீட்டு

லட்சத்தீவு நம் வீட்டுக்குள் வருவது வானிலை அறிக்கையில் மட்டும்தான். அங்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகும். மீனவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பார்கள். நாம் குடையைத் தேடுவோம். அங்கே மனிதர்களும் வசிக்கிறார்கள் என்ற செய்தி 2021-ல்தான் நம்மில் பலருக்கு எட்டியது. ஒரு ஊரில் மனிதர்கள் இருப்பது தெரிய வேண்டுமானால் அவர்களுக்கு ஏதாவது கேடு வர வேண்டும். நம் நாட்டு வழக்கம் அது.

கேடு எப்படி வந்தது? ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைச் சரிசெய்யப் போனார்கள். அப்படித்தான் வந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது இந்தியா முழுக்கக் கைதட்டியது, தட்டைத் தட்டியது, விளக்கேற்றியது. லட்சத்தீவு தட்டியதோ இல்லையோ, தடுத்தது. விதி எளிது. தீவுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கொச்சியில் தனிமை. பிறகு சோதனை. தொற்று இல்லையென்றால்தான் கப்பல். தீவில் இறங்கிய பிறகும் கொஞ்ச நாள் வீட்டோடு. அவ்வளவுதான். ஆள் வசிக்கும் பத்துத் தீவுகள், மொத்தம் 32 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பின்படி 64,000 சொச்சம் பேர். அந்த ஆண்டு முழுவதும் அங்கே தொற்று பூஜ்யம். பள்ளிக்கூடம் நடந்தது. கல்யாணம் நடந்தது. முகக்கவசமே தேவைப்படவில்லை என்று அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இதற்கு நிபுணர் குழு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பயம் போதுமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி கொச்சியில். நடுவில் 220 முதல் 440 கிலோமீட்டர் கடல். நோய் முற்றினால் ஹெலிகாப்டர் வர வேண்டும், வானிலை விட வேண்டும். மூச்சுத்திணறல் வானிலை பார்த்து வருவதில்லை.

டிசம்பர் 4-ல் நிர்வாகி தினேஷ்வர் சர்மா காலமானார். மறுநாளே கூடுதல் பொறுப்பு பிரஃபுல் கோடா படேலிடம் போனது. குஜராத்தின் முன்னாள் உள்துறை இணையமைச்சர். டாமனும் டையூவும் தாத்ராவும் நகர் ஹவேலியும் ஏற்கெனவே அவர் கையில். அந்த நாற்காலியில் பெரும்பாலும் அதிகாரிகள்தான் உட்கார்ந்து வந்தார்கள். இப்போது அரசியல்வாதி. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசத்தில் நிர்வாகி என்றால் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அவர் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தீவில் இருக்கிறார்கள்.

அந்த மாதக் கடைசியிலேயே விதி மாறியது. கொச்சித் தனிமை வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனைச் சான்று இருந்தால் கப்பலேறலாம். நாடே திறக்கும்போது இங்கு மட்டும் ஏன் பூட்டு என்பது வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வேலைக்கும் வைத்தியத்துக்கும் போய்வருகிறவன் கொச்சியில் ஒரு வாரம் முடங்குவது கஷ்டம்தான். ஆனால் கஷ்டப்பட்ட தீவுக்காரர்கள் பூட்டைத் திறக்கச் சொல்லவில்லை. திறக்காதீர்கள் என்றுதான் கத்தினார்கள். வீட்டுக்காரனுக்குப் பூட்டு வேண்டும், வாடகைக்கு வந்தவருக்குக் காற்று வேண்டும். காற்று வந்தது.

2021 ஜனவரி 18. முதல் தொற்று. கொச்சியிலிருந்து கப்பலில் வந்தது. மே மாதம் முடிவதற்குள் எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியது. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர். ஓராண்டாக வாசலில் நின்ற கிருமிக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது யார் என்று விசாரணை நடந்ததா என்று கேட்கிறீர்களா? நடந்தது. கேள்வி கேட்டவர்மேல் நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தொற்று பரவியதும் ஊரடங்கு. வந்தவர் வெளியே இருக்க, இருந்தவர் உள்ளே போனார். அந்த நாட்களில் தீவில் தெருவுக்கு வர அனுமதி பெற்றவை மூன்று: பால், மருந்து, வரைவுச் சட்டம். பாலையும் பிறகு நீக்கிவிட்டார்கள். அரசுப் பால்பண்ணைகளை மூடும்படி மே 21-ல் உத்தரவு வந்தது.

வரைவுச் சட்டங்களைப் பார்ப்போம். ஒன்று குண்டர் சட்டம். தமிழனுக்கு இது விளக்க வேண்டியதில்லை, 1982-லிருந்து கூடவே குடியிருக்கிறோம். ஆனால் இங்கே அதற்குக் குண்டர்களாவது இருக்கிறார்கள். கொலை என்பதே கேள்விப்படாத சேதியாக இருக்கும் தீவில், விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க ஒரு சட்டம் எதற்கு? அரபிக்கடலில் படகில் பிடிபட்ட ஹெராயினையும் துப்பாக்கிகளையும் காட்டினார்கள். பிடித்தது கடலோரக் காவல்படை. பிடிபட்டது இலங்கைப் படகு. சட்டம் தென்னந்தோப்பில் இருப்பவனுக்கு.

இன்னொன்று பஞ்சாயத்து விதி. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் தேர்தலில் நிற்கக்கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துப் பாருங்கள். 2019-20 கணக்கில் லட்சத்தீவுப் பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை. குஜராத்தில் 1.9. யாருக்கு யார் குடும்பக் கட்டுப்பாடு சொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

மூன்றாவது, மாடு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் முஸ்லிம்கள் வாழும் இடத்தில் மாட்டிறைச்சிக்குத் தடை, மீறினால் ஆண்டுக்கணக்கில் சிறை. பள்ளி மதிய உணவிலிருந்தும் இறைச்சி போனது. பதிலாக மீனும் முட்டையும் இருக்கிறதே என்றார்கள். மாசிக் கருவாடு காயவைத்துத் தெற்கே பாதிச் சமையலறைகளுக்கு அனுப்புகிறவன் பிள்ளைக்கு மீனை அறிமுகப்படுத்திய கருணையை என்னவென்பது!

இதே கையோடு மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். சுற்றுலா வருகிறவர் குடிக்கலாம். உள்ளூர்க்காரன் தின்பது குற்றம், வெளியூர்க்காரர் குடிப்பது வளர்ச்சி.

வளர்ச்சிக்கென்றே தனியாக ஒரு வரைவு வந்தது. வளர்ச்சி ஆணைய ஒழுங்குமுறை, 2021. எந்த நிலத்தையும் திட்டப் பகுதி என்று அறிவிக்கலாம். இருப்பவரை இடம் மாற்றலாம். வளர்ச்சி என்பதன் விளக்கத்தில் சுரங்கமும் கல்குவாரியும் இருந்தன. பவளத் திட்டின்மேல் படிந்த மணல் அந்த ஊர். பித்ரா தீவின் பரப்பு சுமார் 0.1 சதுர கிலோமீட்டர். அங்கே குவாரி தோண்டினால் கிடைக்கும் கனிமத்தின் பெயர் கடல். இதை யோசித்து ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ மூன்று வாரம். ஊரடங்கில். தொற்றோடு.

ஏப்ரலில் கடற்கரையிலிருந்த மீனவர் கொட்டகைகளை இடித்தார்கள். வலையும் சாமானும் வைக்கிற கொட்டகை. கடலோர விதிமீறலாம். மே நடுவில் டவ்தே புயல் அந்தப் பக்கமாகவே போனது. நாம் குடையைத் தேடினோம்.

நூற்றுக்கணக்கான தற்காலிக ஊழியர்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஊரடங்கில் கூலி போனவர்களுக்கு உணவுப் பொருள் கொடுங்கள் என்று கேரள உயர்நீதிமன்றம் வரை போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவசர நோயாளியை ஹெலிகாப்டரில் ஏற்றலாமா என்று முடிவுசெய்ய ஒரு குழு. நோயாளி காத்திருக்கலாம், கோப்பு காத்திருக்கக் கூடாது.

எல்லா உத்தரவுக்கும் சிகரம் என்று நான் நினைப்பது மே 28-ல் வந்ததை. மீன்பிடிப் படகு ஒவ்வொன்றிலும் பொறுப்புள்ள அரசு ஊழியர் ஒருவர் ஏற வேண்டும். உளவுத் தகவல் திரட்ட! நினைத்துப் பாருங்கள். விடியுமுன் சூரை பிடிக்கத் தூண்டிலோடு கிளம்புகிறார்கள் நான்கைந்து பேர். படகின் மூலையில் வேளாண்மைத் துறை எழுத்தர். அலையில் ஒரு தூக்குத் தூக்கியதும் அவர் திரட்டிய தகவல் எல்லாம் கடலுக்கே போய்விடுகிறது. கரையில் ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி. படகில் கூடுதலாக ஓர் ஆள், அரசு செலவில். மீனவர்கள் எதிர்த்தார்கள். ஏற வேண்டிய ஊழியர்களும் எதிர்த்தார்கள். ஜூனில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். சூரைகள் நிம்மதி அடைந்திருக்கும், அவற்றின் அந்தரங்கம் தப்பியது.

அடுத்த குற்றவாளி தென்னை. ஓலையும் மட்டையும் தேங்காய்த் தொட்டியும் வெளியே கிடக்கக் கூடாது, கிடந்தால் அபராதம், எரிக்கவும் கூடாது. தென்னையைத் தவிர வேறெதுவும் பெரிதாக விளையாத தீவில் ஓலை விழுவது தண்டனைக்குரியது. மரத்துக்கு நோட்டீஸ் அனுப்ப முகவரி இல்லாததால் மனிதனுக்கு அனுப்பினார்கள். தீவுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜூன் கடைசியில் அதே ஓலைமேல் படுத்துப் போராடினார்கள். அதற்கு முன்பு ஜூன் 7-ல் பன்னிரண்டு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே உண்ணாவிரதம். சிலர் கடலுக்கு அடியில் மூழ்கிப் பதாகை பிடித்தார்கள். தண்ணீருக்குள் ஊரடங்கு அமலில் இருந்ததாகத் தெரியவில்லை. நிர்வாகி வந்திறங்கிய ஜூன் 14-ல் கறுப்புச் சட்டை. இரவில் விளக்கை அணைத்துத் தட்டைத் தட்டினார்கள். டெல்லி சொல்லிக் கொடுத்த பாடம்தான். வேறு பக்கம் திருப்பித் தட்டினார்கள்.

இப்போது விசாரணைக்கு வருகிறேன். செத்லாத் தீவைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் ஆயிஷா சுல்தானா, மலையாளத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் நிர்வாகியை மத்திய அரசு உயிரி ஆயுதமாகப் பயன்படுத்துகிறது என்றார். கடுமையான சொல்தான். ஆறாயிரம் பேருக்கு நோய் வருவதும் கொஞ்சம் கடுமையானதுதான். தீவின் பாரதிய ஜனதா தலைவர் புகார் கொடுத்தார், கவரத்தி காவல்துறை 124-ஏ பிரிவில் தேசத்துரோக வழக்குப் போட்டது. வெள்ளைக்காரன் திலகருக்குப் போட்ட அதே பிரிவு. தீவில் அதே கட்சியைச் சேர்ந்த பலர் வெட்கப்பட்டு ராஜினாமா செய்தார்கள். வெட்கம் அங்கேயாவது கையிருப்பில் இருந்தது.

விசாரணைக்காக அவர் கொச்சியிலிருந்து தீவுக்குப் போனார். போன இடத்தில் அவருக்கு இன்னொரு நோட்டீஸ். தனிமைப்படுத்தல் விதியை மீறிவிட்டாராம். எந்த விதி? டிசம்பரில் ஊருக்கே தேவையில்லை என்று எதைக் கழற்றினார்களோ, அதன் தம்பி. கிருமி கப்பலேறியபோது தூங்கிய விதி, கேள்வி கேட்டவர் கப்பலேறியதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஜூன் 25-ல் உயர்நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது. பால்பண்ணை, மதிய உணவு உத்தரவுகளுக்கு மூன்று நாள் முன்புதான் இடைக்காலத் தடை போட்டிருந்தது. கேரளச் சட்டமன்றம் நிர்வாகியைத் திரும்பப் பெறச் சொல்லி மே 31-ல் ஒருமனதாகத் தீர்மானமே போட்டிருந்தது. டெல்லி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று நம்புவோம்.

கேரளத்து எம்.பி.க்கள் தீவுக்குப் போய் நிலைமையைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. சொன்ன காரணங்களில் கொரோனாவும் இருந்தது. அடுத்த சில வாரங்களில் நிர்வாகம் உலக அளவில் டெண்டர் கேட்டது. மினிக்காய், சுஹேலி, கடமத் மூன்றிலும் கடற்கரையிலும் கடல்மேலுமாகச் சொகுசு வில்லாக்கள். மதிப்பு 806 கோடி ரூபாய். எம்.பி. வந்தால் கூட்டம் கூடும், தொற்று பரவும். வில்லாவுக்கு வருகிறவர் எந்த ஊரிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அது அந்நியச் செலாவணி.