கட்டைவிரல் கோஷ்டி

ஏ பாப்பா, எறங்கி வா. அந்தப் பாறைமேல எவ்ளோ நேரம்தான் குந்திக்கினு இருப்ப? சிக்னல் எங்கயும் ஓடிப்போயிடாது. தாத்தன் சொல்றதைக் கேளு. புடிக்கலன்னா தள்ளிவிட்டுடு, அதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே.

பொழுதன்னிக்கும் போனும் கையுமா இருக்கன்னு உங்கம்மா அழுவுறா. அவளை ஏன்டி திட்டற, நம்ம வம்சமே கட்டைவிரல் கோஷ்டிதானேன்னேன். எங்கப்பன் கைநாட்டு, நானும் கைநாட்டு. பன்னெண்டாவது முடிச்ச நீயும் அதே விரலைத்தான் தேய்க்கிற. மண்வெட்டி புடிச்சு என் ரேகை அழிஞ்சுபோச்சு, ரேஷன் கடை மெஷினு என்னை யாருன்னு கேக்குது. உன்னுது கண்ணாடியிலயே அழியுது.

இந்தக் கல்வராயன் மலை ஜாகீர்தாருங்க கையை விட்டு சர்க்காருக்கு வந்தது 1976ல. அதுக்கு முன்ன அவங்க எதிர்ல நாங்க தலை நிமிந்ததில்ல. இப்ப ஜாகீர்தாரும் இல்ல, உன் தலை மட்டும் எங்களைவிட நல்லா குனியுது! எங்ககிட்ட வரியும் வாங்குனாங்க, வெட்டி வேலையும் வாங்குனாங்க. உன் ஜாகீர்தாரு தூக்கத்தை வாங்குறான். அதுக்கு ரீசார்ஜும் நீயே பண்ற.

ஊரு பேரு தெரியாத நாலாயிரம் பேரு பாக்க ஆடிப் போடற, பயமில்ல. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவையில மனு போட்டாச்சு, கோட்டாட்சியர் ஆபீஸுல விசாரிச்சா பதில் சொல்லுன்னா மட்டும் நாக்கு ஒட்டிக்குது. நர்ஸ் படிப்புன்னா, "பட்டணத்துப் புள்ளைங்க மாதிரி எனக்கு வருமா தாத்தா?"ங்கற. எந்தப் பட்டணத்துப் புள்ள? பல்லு வெளக்கறதைக்கூட பவுடர் பூசிக்கினு காட்டுதே, அதுவா? கடுக்கா மூட்டை கட்டறவன் நல்ல காயைத்தான் மேல வெச்சுக் கட்டுவான் கண்ணு. எனக்குத் தெரியும், நானே அப்படிக் கட்டினவன்.

ஜவ்வாது மலை ஸ்ரீபதி நம்ம மலையாளிப் பழங்குடி சனம்தான். 2023ல புள்ள பொறந்து ரெண்டாம் நாளு காரேறி சென்னைக்குப் போயி சிவில் நீதிபதி பரீட்சை எழுதுச்சு. 23 வயசு. பாஸாயிடுச்சு. இந்தச் சேதியை எனக்குப் போன்ல காட்டுனதே நீதான்டி. காட்டிட்டு, அது மூஞ்சியை நான் சரியா பாக்கறதுக்குள்ள தள்ளிவிட்டுட்ட. அடுத்து வந்தது எவளோ லிப்ஸ்டிக் பூசறது. அதை மட்டும் மூணு தபா பாத்த.

ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் சர்க்கார் பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணு மேல படிச்சா மாசம் 1,000 ரூபா. புதுமைப் பெண்ணுன்னு 2022லேருந்து தராங்களே, அதுல ரீசார்ஜ் போக மிச்சமும் நிக்கும். அதையும் அந்தப் போன்லயே தேடிப் பாரு, போனு ஒண்ணும் கோச்சிக்காது.

திங்கக்கிழமை வெள்ளிமலையில மொத பஸ்ஸுக்கே கள்ளக்குறிச்சி கோட்டாட்சியர் ஆபீஸுக்குப் போறோம். உள்ள நீ பேசு. கையெழுத்தும் நீயே போடு. நான் வெளிய டீ குடிச்சிக்கினு நிக்கிறேன். எங்கனா கைநாட்டு வெக்கணும்னா மட்டும் கூப்பிடு.