அளவாகச் சிரிக்கிறவர்

ஒரத்தநாடு கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் அந்தக் கருத்துச் சுதந்திரக் காவலரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் ஊரில் அவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். மும்மொழிச் சண்டை சூடாக நடந்த 2025 மார்ச்சில், இந்தி என்ற சொல் காதில் விழுந்தாலே முறைத்தவர், இந்தி மேடை நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவின் ‘நயா பாரத்’ நிகழ்ச்சியை மட்டும் ஓர் இரவு சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டுப் பார்த்தார்.

துபாயில் வேலை பார்த்து இந்தி பழகிவந்த மைத்துனன்தான் மொழிபெயர்ப்பாளர். அரங்கம் சிரித்து முடித்து அடுத்த ஜோக்குக்குப் போன பிறகுதான் இவருக்குச் சிரிப்பு வரும். அதற்குள் மைத்துனன் அடுத்ததில் பாதியைச் சொல்லியிருப்பான். ஒரு கட்டத்தில் எந்த ஜோக்குக்குச் சிரிக்கிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனையும் வரியையும் கிண்டலடிக்கும் பாட்டுக்கு மட்டும் தாமதமே இல்லை. உரத்துக்கு 5 சதவீதம், பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் என்று ஜிஎஸ்டி பில் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தவர். “இன்னொருவாட்டி போடு மாப்ள!”

எழுத்தாளர் சுதா மூர்த்தியின் எளிமையைச் சீண்டும் இடம் வந்தது. “அந்தம்மா இவனை என்ன பண்ணுச்சு?” என்று அடுப்படியிலிருந்து குரல். பாதியில் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மகாராஷ்டிரத் துணை முதல்வராக இருந்த ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் ‘துரோகி’ என்று பாடிய பாட்டுதான் வினையானது. மார்ச் 23 இரவு அவருடைய சிவசேனைக்காரர்கள் மும்பை ஹேபிடட் அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள். மறுநாள் மாநகராட்சியும் சுத்தியலோடு வந்தது. கம்ரா மன்னிப்புக் கேட்க மறுத்தார். எங்கே இருக்கிறாய் என்று போனில் அவரை மிரட்டியவர், தமிழ்நாடு என்று பதில் வந்ததும் அங்கே எப்படி வருவது என்று திகைக்கும் ஒலிப்பதிவு நாடெங்கும் சுற்றியது. நம்மவர் அதை ரிங்டோனாக வைக்காததுதான் பாக்கி. கம்ரா விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருப்பவர் என்பதால், மும்பையில் போட்ட வழக்கில் மார்ச் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. வானூர் நீதிமன்றத்தில் பிணைப்பத்திரம் கொடுக்கச் சொன்னது. “பாத்தியா? நம்ம விழுப்புரத்தான்!” என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ.

அந்த டீயைக் குடித்தபடிதான் மைத்துனன் கேட்டான்: “மச்சான், இதே ஆளு தமிழ் கத்துக்கிட்டு நம்ம தலைவரப் பத்தி முக்கா மணி நேரம் பேசினா?”

யூரியா மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார். காலையில்தான் எண்ணியவை அவை.

“பேசட்டும், வேணாங்கல. எதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல?”

கேலி புரிகிறது, ஆனால் அதற்கு ஒரு எல்லை வேண்டும் என்றுதான் ஷிண்டேயும் அந்த வாரம் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியை மைத்துனன் போனில் எடுத்துக் காட்டினான். “அது வேற, இது வேற” என்றார். எப்படி வேறு என்று கேட்டால், “எம்.ஆர். ராதாவையே தாங்கின நாடுடா இது!”

தாங்கிய கதை தெரிந்ததுதான். நடிகர் ராதாவின் நையாண்டி நாடகங்களை மனதில் வைத்தே 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கொண்டுவந்தது காங்கிரஸ்தான், சரி. 1967-க்குப் பிறகு மாறி மாறி ஆண்டவர்களும் அதைத் தூக்கிப் போடவில்லை. பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்றம் வந்துதான் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் நம்மவர், “கடை நேரத்துல அரசியல் பேசாத மாப்ள” என்பார்.

ஒரத்தநாடு பக்கம் போனால் தாராளமாக அவரிடம் கம்ராவைப் பற்றிப் பேசுங்கள், டீ நிச்சயம். உள்ளூர்க் கிண்டல் ஏதும் கைவசம் இருந்தால், கடைக்குள் எந்தத் தலைவர் படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.