108-க்கு ஒரு டிக்கெட்!

கேள்வி: 108 திவ்ய தேசங்களையும் தரிசித்துவிட ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள்! பட்டியலில் முதலாவதான ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸே போகும். சோழநாட்டில் மட்டும் 40 இருப்பதால், கும்பகோணத்தில் ஒரு ரூம் போட்டுவிடுங்கள், டிகிரி காபிக்கும் ஆச்சு. காஞ்சிபுரத்தில் இன்னும் யோகம். உலகளந்த பெருமாள் கோயில் ஒன்றுக்குள்ளேயே நான்கு திவ்ய தேசங்கள். செருப்புக்கு ஒரே டோக்கன்தான்! நேபாளத்து முக்திநாத்துக்குத்தான் ஸ்வெட்டரும் மூச்சும் கூடுதலாக வேண்டும். சுமார் 3,700 மீட்டர் உயரம், முழங்காலைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இப்படியே 106 முடிந்துவிடும். பாக்கி, திருப்பாற்கடலும் பரமபதமும். அந்த இரண்டுக்கும் எந்த டிராவல்ஸும் வண்டி விடுவதில்லை. அவசரமும் வேண்டாம், பரமபதத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது.