கறுப்புக் கோட்டு யாருக்கு?

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த என் மகளுக்கு வக்கீலாக ஆசை. "முஸ்லிம் பொண்ணுக்கு எதுக்குக் கறுப்புக் கோட்டு?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன சொல்ல?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: செங்கோட்டை வழியாக மலை இறங்கி, புனலூர் தாண்டினால் பத்தனம்திட்டா. அந்த ஊர்க்காரர் ஃபாத்திமா பீவி. வேதியியல் பட்டம் வாங்கிய பெண்ணைச் சட்டம் படிக்க வைத்தது அப்பா மீரா சாகிப். நீதிபதியான அன்னா சாண்டியைப் பார்த்து அவருக்கு வந்த ஆசை அது. உங்கள் வீட்டில் மகளே ஆசைப்படுகிறாள். பாதி வேலை மிச்சம்!

1950-ல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம், தங்கப் பதக்கம். ஆனாலும் கொல்லம் கோர்ட்டில் முக்காடிட்ட பெண் வக்கீலைப் பார்த்துப் புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. 1958-ல் முன்சீப் ஆனார். அப்புறம் படிக்கட்டுதான், லிஃப்ட் கிடையாது. உயர் நீதிமன்றம் போய்ச் சேர 25 வருடம். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அந்த நீதிமன்றம் தொடங்கியது 1950-ல். ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட 39 வருடம் ஆகியிருக்கிறது. நம் கோர்ட்டுகளில் வாய்தா என்பது வழக்குகளுக்கு மட்டுமல்ல.

1997-ல் நமக்கே கவர்னராக வந்தார். 2001-ல் அரசியல் சர்ச்சையில் பதவி விலகினார் என்பதையும் மறைக்க வேண்டாம்.

திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். நாளைக்கு அதே சொந்தக்காரர்கள் சொத்துத் தகராறோடு வருவார்கள். ஃபீஸில் மட்டும் தள்ளுபடி வேண்டாம்.