ஒரு கையால் மடக்கலாம்

பயண ஸ்ட்ரோலர் விளம்பரங்களில் ஒரு தாய் ஒற்றைக் கையால் வண்டியை மடக்குகிறாள். மறு கையில் குழந்தை சிரிக்கிறது. டயப்பர் பையும் செருப்பைக் கழற்றி எறிந்த மூத்தவனும் அந்தப் படப்பிடிப்புக்கு அழைக்கப்படவில்லை. கடையில் பத்துக் கிலோ அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடக்கிப் பாருங்கள். அரிசி உதைக்காது என்பதையும் கணக்கில் கொள்க.

மடக்கு ஸ்ட்ரோலரே விமானத்தின் வாரிசுதான். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மக்லாரன், தன் மகள் கனத்த தள்ளுவண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, 1965இல் குடைபோல் மடங்கும் ஒன்றை வடிவமைத்தார். அலுமினியச் சட்டம், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று ‘லைட்வெயிட்’ என்று விற்பவற்றில் பல ஆறு கிலோவைத் தொடுகின்றன. இடையில் கப் ஹோல்டர் வந்துவிட்டது அல்லவா!

அடுத்தது அளவு. விமானத்துக்குள் எடுத்துச் செல்லும் கைப்பைக்கு, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா சொல்வது 56×45×25 செ.மீ. புகழ்பெற்ற யோயோ ஸ்ட்ரோலர் மடங்கினால் 52×44×18. அகலத்தில் மிச்சம் ஒரு சென்டிமீட்டர். அதற்குத்தான் அந்த விலை. ஆனால் ஐயாட்டா சொல்வது வழிகாட்டுதல் மட்டுமே. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தனி அளவுகோல், ஒவ்வொரு கேட் ஊழியருக்கும் தனி மனநிலை.

பாதுகாப்புச் சோதனையில் வண்டி மடங்கி எக்ஸ்ரேக்குள் போக வேண்டும். குழந்தை சரியாக அதற்கு முந்தைய நிமிடம்தான் அதில் தூங்கியிருக்கும். எல்லாம் கடந்து வாசலுக்கு வந்தால், “மேலே இடமில்லை, கீழே போட்டுவிடுகிறோம். இலவசம்தான் சார்” என்று புன்னகையோடு டேக் கட்டுவார்கள். பழைய, மலிவான வண்டிக்கும் அதே டேக்தான்.