கிளிகடி மரபும் கிண்ணத்து உமியும்: ஓர் இல்லத்து ஆராய்ச்சி

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். கையில் தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் வேறு. எல்லாம் கிளி கடிவதற்கு. கடிதல் என்றால் ஓட்டுதல். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து எங்கள் வீட்டில் அதே தினையைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி, கிண்ணத்தில் கொட்டி, "சாப்பிடுடா கண்ணா" என்று கிளியைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். கிளிகடி என்ற சொல் மட்டும் வழக்கொழியவில்லை. என் ஆள்காட்டி விரலில் மூன்று இடத்தில் அது இருக்கிறது. கடிந்தவர் கடிபட்டவராக மாறிய இந்தப் பொருள் திரிபை எந்தப் பேராசிரியரும் கண்டுகொள்ளாததால், பாதிக்கப்பட்டவனே ஆராய்ச்சியில் இறங்கும்படி ஆயிற்று.

ஆய்வுக்களம், இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனியை ஒட்டிய கூடம். ஆய்வுக்கு உட்பட்டவை எட்டு: ஆறு லவ் பேர்ட்ஸ், இரண்டு காக்டெய்ல். இந்தப் பெயர்கள் கடைக்காரர் வழக்கு. லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் விற்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. அதன் பெயரை இது எடுத்துக்கொண்டுவிட்டதால், அது 'ஆப்பிரிக்கன்' என்ற ஊர்ப்பெயரோடு பக்கத்துக் கூண்டில் இருக்கிறது. காக்டெய்ல் என்பது காக்கட்டீல் என்பதன் மரூஉ. வீட்டில் இரண்டு காக்டெய்ல் இருக்கிறது என்று போனில் கேள்விப்பட்டு ஊரிலிருந்து ஆவலோடு வந்த பெரியப்பா, கூண்டைப் பார்த்துவிட்டு அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

பச்சைக்கிளி இந்த ஆய்வில் வராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். மதுரை மீனாட்சி கையில் இருப்பது கூண்டில் இல்லை என்பதைக் கவனிக்க. கையில் இருந்தால் கைக்கிளி. என் கையைக் கண்டதும் எட்டும் கூண்டின் மறுகோடிக்குப் போய் ஒண்டிக்கொள்வதால், என் நிலையைத் தொல்காப்பியர் சொன்ன கைக்கிளையில் சேர்ப்பதே முறை.

இனி நூற்பா. எழுதியவன் நானே, உரையும் நானே.

'நிறைந்தது போலும் கிண்ணம் நிறைந்திலது;
உமியே ஆதலின் ஊதுக விடியல்.'

இஃது என்னுதலிற்றோவெனின், தீனிக் கிண்ணத்தின் பொய்த்தோற்றம் உணர்த்துதல் நுதலிற்று. இந்தப் பறவைகள் தினையை அப்படியே விழுங்குவதில்லை. அலகில் உருட்டி, உமியை உரித்து, அரிசியைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். மாலையில் பார்த்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருப்பதாகத் தோன்றும். உள்ளே ஒரு மணி இருக்காது. இது தெரியாமல் நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பறவையைப் பட்டினி போட்டுவிடும் வீடுகள் உண்டு. முதல் வாரம் நாங்களே அப்படி ஒரு நாள் போட்டோம். "டயட்டில் இருக்கு போல" என்றான் மகன்.

'விடியல்' என்றதனால் பிற பொழுதில் ஊதற்க என்பது பெற்றாம். என்னை? பிற பொழுதில் கூடத்தில் மின்விசிறி ஓடும் ஆகலின். ஊதுவோன் பால்கனியில், காற்றுக்கு முதுகு காட்டி, கிண்ணத்தை மார்பளவில் பிடித்து, இட்லி ஆற்றுகிற அளவுக்கு ஊதவேண்டும். பலமாக ஊதினால் தினையும் போகும். மெதுவாக ஊதினால் உமி எழும்பி மூக்குக்கண்ணாடியில் படியும். மகன் ஒருநாள் இதற்கு ஹேர் டிரையரைப் பயன்படுத்தினான். கீழ்வீட்டுக்காரர் அப்போது வடாம் காயவைத்திருந்தார். அதற்கு மேல் இந்த உரையாசிரியர் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

என் மனைவி முறத்தில் போட்டுப் புடைத்தாள். ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆய்வு நெறிமுறைக்கு அது ஒத்துவராததால் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணிக்கை பற்றி ஒரு குறிப்பு. ஆறு லவ் பேர்ட்ஸ் முதலில் இரண்டாகத்தான் வந்தன. "பாவம், குடியிருக்க வீடில்லையே" என்று அம்மா ஒரு மண்கலயத்தைக் கூண்டில் கட்டினாள். பானை கட்டுவது என்பது இவற்றின் மொழியில் முகூர்த்தம் குறிப்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நாலு முட்டை, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 18 நாள் அடைகாப்பு, பிறகு நாலு வாய். அந்த முட்டைகளை இட்டது ரவி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த பறவை. வளர்ந்த பறவையில் மூக்குத்துளை மேலுள்ள சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பு என்றால் பெண் என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம். இப்போது கலயத்தில் உப்பு இருக்கிறது.

பணிவிடைகளில் சிறியவற்றை விரைந்து சொல்லிவிடலாம். தண்ணீரை மாற்றுவது, அடித்தட்டுச் செய்தித்தாளை மாற்றுவது (தலையங்கப் பக்கம் நன்றாக உறிஞ்சுகிறது), சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை கட்டுவது, நனைத்த கொத்தமல்லித் தழையைத் தொங்கவிடுவது. தழை தின்பதற்கு என்று நினைத்தோம். லவ் பேர்ட்ஸ் அதில் புரண்டு குளிக்கின்றன. இரவில் பழைய வேட்டியால் கூண்டை மூடவேண்டும்; பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் அவற்றுக்குத் தேவை. முழு இருட்டில் காக்டெய்ல் திடுக்கிட்டு அடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு சிறு விளக்கும் வேண்டும். ஆக, ஏழரை மணிக்கு மேல் எங்கள் வீட்டில் சீரியல்கள் ஊமைப்படங்கள். யார் யாரை விஷம் வைத்துக் கொன்றார் என்பதை உதட்டசைவில் ஊகித்துக்கொள்கிறோம்.

சமையலறையில் நேர்ந்த மாற்றம் பெரியது. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பூச்சிலிருந்து எழும் புகை பறவைகளைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். படித்த அன்றே தவா வெளியேறியது. பரணிலிருந்து இரும்புத் தோசைக்கல் இறங்கியது. பத்து வருடமாக அம்மா வாதாடித் தோற்ற வழக்கு இது. அன்றிலிருந்து எட்டுக்கும் அவளே முதல் தீனி வைக்கிறாள்.

அந்த ஒற்றுமைக்கு வந்த சோதனை விசில். காக்டெய்லில் ஆண் நன்றாகச் சீழ்க்கை அடிக்கும். கலிபோர்னியாவில் பக் என்ற ஒரு பட்ஜரிகர் 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸில் பதிவு, 1994இல் இறந்துபோனது. எங்கள் காக்டெய்லுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். அது குக்கர் சொல்லும் சொல். துவரம்பருப்புக்கு நாலு விசில் என்பது வீட்டு விதி. குக்கர் இரண்டு விடும், இது இரண்டு விடும், அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். ஒரு மாதம் சாம்பாரில் பருப்பு முழித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கூண்டின் முன் கரண்டியோடு நின்று, "உண்மையச் சொல்லுடா, இது நீயா அதுவா?" என்று அம்மா கேட்டாள். அதற்கும் அது விசில்தான் அடித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் சாத்தும் கிளியைத் தினமும் புதிதாக இலையாலேயே செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. தீனி இல்லை, உமி இல்லை, விசில் இல்லை. கிளி மேலாண்மையின் உச்சம் அதுவே என்று முடிவு எழுதத் தொடங்கிய நிலையில், ஆய்வுக்களத்தில் ஒரு புதிய தரவு முளைத்தது.

ஊதும்போது உமியோடு பறந்த தினை, பால்கனி ரோஜாத் தொட்டிகளில் விழுந்திருக்கிறது. களை என்று நினைத்துப் பிடுங்காமல் விட்டோம். மூன்று மாதத்தில் பூனை வால் மாதிரி கதிர்கள் வளைந்து தொங்கின. போன செவ்வாய்க்கிழமை காலை, எதிர்ப்புறத்து வேப்பமரத்திலிருந்து ஒரு பச்சைக்கிளி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. பின்னால் இன்னும் இரண்டு. கூண்டுக்குள் எட்டும் ஊமையாகி எட்டிப் பார்த்தன. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "சூ! சூ! எங்க பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கோம்!" என்று கத்தினாள். கையில் ஓர் எவர்சில்வர் தட்டு, அதன்மேல் கரண்டியால் டம் டம் என்று அடி. தட்டைக்குத் தட்டு சரிதான். கரண்டியைக் கபிலர் சொல்லவில்லை.