இங்கிலாந்துக் கடிதம்: தாளிப்பும் ஹவுஸ் ஓனர் பொறுப்பும்

இங்கிலாந்தில் வாடகை வீட்டுச் சாவியோடு ஒரு கட்டுக் காகிதமும் வரும். கேஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறையும் வயரிங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதி பெற்றவரை வைத்துச் சோதித்து, சான்றிதழைக் குடிவருபவரிடம் ஹவுஸ் ஓனர் கொடுத்தாக வேண்டும். ஊரில் அட்வான்ஸ் கைமாறியதும் கிடைப்பது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டும்.

ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் கட்டாயம். 2022 அக்டோபர் முதல் கேஸ் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். அந்த வாயுவுக்கு மணமில்லை. குடியேறும் நாளில் இவற்றைச் சோதிப்பது ஓனர் கடமை. பிறகு அவ்வப்போது பட்டனை அழுத்திப் பார்ப்பது குடியிருப்பவர் பாடு. தமிழர் வீட்டில் அந்த வேலையும் மிச்சம்: காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் அலாரமே அலறிவிடும். ஒருவர் கரண்டியோடு அடுப்பை அணைக்க, இன்னொருவர் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறுவார். எரிச்சலில் அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டால், நிஜமாகவே தீப்பிடிக்கும் அன்று ஓனரைக் குறை சொல்ல வழியில்லை.

ரிப்பேர் விஷயத்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவே ஆதாரம். கூரை, வெளிச்சுவர், தண்ணீர், கேஸ், மின் இணைப்பு, கழிப்பறை, ஹீட்டிங் ஆகியவை ஓனர் செலவு. அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டி ஒப்பந்தம் எழுதினாலும் செல்லாது. ஃபியூஸ் போன பல்பை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை.

பெரிய தகராறு பூஞ்சையில்தான். "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்பார் ஓனர், ஜனவரிக் குளிரில். இட்லிப் பானை ஆவியும் ரேடியேட்டர் மேல் காயும் துணியும் ஈரத்தைக் கூட்டுவது உண்மை. ஆனால் ஒழுகும் சுவரும் ஓடாத எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனும் இட்லியின் குற்றமல்ல. வசிக்கத் தகுதியற்ற வீட்டை வாடகைக்கு விட்ட ஓனர் மீது குடியிருப்பவரே வழக்குத் தொடர 2018-இல் சட்டம் வந்தது. 2020-இல் ராச்டேலில் பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்த 2 வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். அவன் பெயரால் அழைக்கப்படும் சட்டம், கவுன்சிலும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 2025 அக்டோபரில் அமலானது. அவசர ஆபத்தை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் பழுதுக்கு ஓனரின் பொறுப்பு, பொதுவாக விஷயம் அவருக்குத் தெரிந்த பிறகே தொடங்கும். ஆகவே போனில் புலம்புவதைவிடப் போட்டோவோடு ஈமெயில் அனுப்புவது மேல். பார்வையிட வரும் ஓனரும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பதிலே இல்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் புகார் கொடுக்கலாம். அவர்கள் வந்து பார்த்து, ரிப்பேர் செய்யும்படி உத்தரவிடலாம். வாடகையை நிறுத்திப் பாடம் புகட்டும் யோசனை மட்டும் ஆகாது. பாக்கி ஏறினால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட ஓனருக்குக் காரணம் கிடைத்துவிடும்.